பெல்டனின் ஒற்றை ஓட்டு

பெல்டனில் ஜனநாயகக் கட்சிக்கு ஒரே ஒரு ஓட்டுதான் விழும். 1936-இல் ஒன்று விழுந்தது. அடுத்த தேர்தலிலும் ஒன்று. போர் நடந்துகொண்டிருந்தபோதும் ஒன்று, போர் முடிந்து பையன்கள் ஊர் திரும்பிய பிறகும் அதே ஒன்று. வெர்மான்ட் மாநிலமே நூறு வருஷத்துக்கு மேலாக அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியைத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அதிலும் பெல்டன் மாதிரி மலையூரில், பிள்ளை பிறக்கும்போதே எந்தக் கட்சி என்று தீர்ந்துவிடும். ஞானஸ்நானம்கூட அதற்கு அப்புறம்தான்.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பள்ளத்துப் பண்ணை மெரிட் கோல்பர்னுடையது. மெரிட்டுக்கு அறுபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, பதினெட்டு மாடுகள், பேச்சு கம்மி. அவன் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரன் டட்லி உடனே ஆரம்பித்துவிடுவான்.

"வாங்கடா, வழி விடுங்கடா, ஜனநாயகக் கட்சி மொத்தமா வந்திருக்கு. டேய் ஒத்தை ஓட்டு, உங்க கட்சி மாநாடு எங்கடா இந்த வருஷம்? மாட்டுக் கொட்டகையிலயா?"

மெரிட் ஆணியோ உப்போ வாங்கிக்கொண்டு போய்விடுவான். டட்லி அவனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கோபித்துக்கொண்டு என்ன பயன்?

ஆனால் ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. மெரிட் கோல்பர்ன் ஜன்மத்தில் ஒருமுறைகூட ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை.

நடந்தது இதுதான். ஓட்டு எண்ணும் மேஜையில் இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் உட்கார வேண்டும் என்பது சட்டம். ஒருவர் சீட்டைப் பிரித்துப் படிக்க வேண்டும், இன்னொருவர் கோடு போட வேண்டும். ஜனநாயகக் கட்சிக்கென்று பெல்டனில் இருந்த ஒரே ஆள் ஒரு கிழட்டுக் கொல்லன். 1936 கோடையில் அவனும் கண்ணை மூடிவிட்டான். டவுன் கிளார்க் ஹோலிஸ் டவுன் ஹாலில் ஊரைக் கூட்டி, "யாராவது ஒருத்தர் நான் டெமாக்ரட்டுன்னு சொல்லுங்கப்பா. இல்லேன்னா பக்கத்து ஊர்லேர்ந்து ஆளைக் கடன் வாங்கணும், அந்த மானக்கேடு வேற" என்று கெஞ்சினான். ஊர் வாயைத் திறக்கவில்லை.

மேஜையில் குடியரசுக் கட்சி நாற்காலியில் வெர்னா பீஸ்லி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது. மரம் அறுக்கும் மில் வைத்திருந்த ஆன்சல் பீஸ்லியின் மனைவி. ஆன்சல்தான் ஊரில் குடியரசுக் கட்சிக்குத் தலைவர். வெர்னாவுக்குத் தெளிவான குரல் என்பதால் அவளைப் படிக்கப் போட்டிருந்தார்கள். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு, யாரும் கை தூக்காததைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். மெரிட்டின் கை தானாக மேலே போனது.

ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. அவன் அம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. குடியரசுக் கட்சி அதிபரின் படையில் சேர்ந்து தாத்தா உள்நாட்டுப் போரில் ஒரு காலைக் கொடுத்த குடும்பம் அது. ஏன் தூக்கினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மெரிட் தோளைக் குலுக்கினான். அடுத்தவன் மனைவியின் பக்கத்தில், வேறெங்கும் உட்கார முடியாத அவன், இரண்டு மணி நேரம் கௌரவமாக உட்காரலாம் என்பதை எப்படிச் சொல்வது?

தேர்தலன்று மறைப்புக்குள் போனவன், பழக்கத்தில் குடியரசுக் கட்சிக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு, பெட்டியில் சீட்டை நுழைத்துவிட்டு வெளியே வந்தான். வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. எண்ணும்போது எதிர்ப்பக்கம் பூஜ்யம் என்று வந்தால்? பொய் சொல்லி நாற்காலி பிடித்தவன் என்று அந்த இடத்திலேயே மானம் போய்விடும்.

வெர்னா ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தாள். மெரிட் நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தான். ஐம்பது சீட்டு முடிந்தது, எதிர்ப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. ஐம்பத்தோராவது சீட்டைப் பிரித்த வெர்னா, அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஜனநாயகக் கட்சி வேட்பாளரின் பெயரைப் படித்தாள்.

மெரிட் அந்த ஒரு கோட்டைப் போட்டான். அது கொஞ்சம் வளைந்துபோனது.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு தோழன் உண்டு, யார் என்றுதான் தெரியாது. ஊரில் யாரோ ஒருவர் வாயைத் திறக்காமல், மெரிட்டின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சின்னப் பெருக்கல் குறியைப் போடுகிறார். தபால்காரரா? பாதிரியாரா? மெரிட் சந்தேகப்படாத ஆள் இல்லை. ஓர் எண்ணம் மட்டும் அவனுக்கு உறுதியாக இருந்தது. தானும் அந்தக் கட்சிக்கே போட்டால் கணக்கு இரண்டு என்று வரும். ஊர் அந்த இரண்டாவது ஆளைத் தேட ஆரம்பித்துவிடும். அந்த ஆளைக் காட்டிக் கொடுக்க அவனுக்கு மனசில்லை. அதனால் ஒவ்வொரு தேர்தலிலும் பழைய கட்டத்திலேயே போட்டுவிட்டு, ஊர் ஏச்சை அந்த முகம் தெரியாதவருக்காகச் சுமந்துகொண்டு வந்தான்.

தேர்தலன்று எண்ணி முடிந்ததும் ஹாலிலேயே சாப்பாடு. வெல்லப்பாகும் பன்றிக்கொழுப்பும் போட்டு மண்பானையில் ஒரு பகல் முழுக்க வெந்த பீன்ஸ், கூடவே கறுப்பு ரொட்டி. பீன்ஸ் பானை வெர்னாவுடையது. மேஜைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். "உப்பு வேணுமா, மிஸ்டர் கோல்பர்ன்?" "போதும், மிஸஸ் பீஸ்லி." இதற்கு மேல் அதிகம் பேசியதில்லை. ஆனாலும் மெரிட்டின் வாழ்க்கையில் அந்தச் சாப்பாடுகளை எடுத்துவிட்டால் மிச்சம் பால் கறந்ததுதான்.

1951-இல் ஆன்சல் இறந்தான். அடுத்த வருஷம் தேர்தல். எண்ணி முடித்துச் சீட்டுகளைக் கயிற்றால் கட்டும்போது வெர்னா முதல்முறையாகக் கூடுதலாக ஒரு வார்த்தை பேசினாள்.

"ஊரே ஒரு பக்கம் நின்னாலும் இந்த ஒரு ஓட்டு மாறாம வருது பாருங்க. அதுக்காக நிக்கறவங்களுக்கு எவ்வளவு நெஞ்சுரம் இருக்கணும்!"

சொல்லிவிட்டு அவனையே பார்த்தாள். மெரிட் காது வரை சிவந்துபோய்ப் பென்சிலைக் குனிந்து தேடினான். அவள் தன்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தான். செய்யாத காரியத்துக்குப் பாராட்டு. அவள் மதிப்பது அந்த முகம் தெரியாத ஆளை. உண்மையைச் சொன்னால் அந்த மதிப்பும் போய்விடும். அந்த ஒரு வாக்கியம் அவன் வாய்க்குப் போட்ட பூட்டு பன்னிரண்டு வருஷம் திறக்கவே இல்லை.

1964 அக்டோபரில் டட்லிதான் சொன்னான், வெர்னா வீட்டை விற்றுவிட்டாளாம், கனெக்டிகட்டில் இருக்கும் அக்காவோடு இருக்கப் போகிறாளாம், தேர்தல் முடிந்த வியாழக்கிழமை புறப்படுகிறாளாம். மெரிட் வாங்க வந்ததை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனான். அன்றிரவே முடிவு செய்தான். இந்தத் தடவை எண்ணி முடித்து, அவள் சீட்டைக் கட்டும்போது சொல்லிவிட வேண்டும். போகாதீங்க, வெர்னா. உங்களுக்காகத்தான் அன்னிக்கு கையைத் தூக்கினேன். இவ்வளவுதான். காலையும் மாலையும் பால் கறக்கும்போது மாட்டிடம் சொல்லிப் பழகினான். மாடு ஆட்சேபிக்கவில்லை.

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால் ஹோலிஸ் கொட்டகைக்கு வந்தான். அவன் முகத்தில் நல்ல செய்தி கொண்டுவந்தவனின் களை.

"மெரிட், உன் தொல்லை விட்டுது. புதுசா வந்திருக்காங்களே ஸ்கூல் டீச்சரம்மா, மிஸ் ரோத், அவங்க நெசமான டெமாக்ரட்டு. அவங்களே வந்து கேட்டாங்க, நான் எண்ண உட்காரட்டுமான்னு."

மெரிட் கறப்பதை நிறுத்தினான்.

"இருபத்தெட்டு வருஷமா உன்னை அந்த நாற்காலியில கட்டிப் போட்டு வாட்டிட்டோம்" என்றான் ஹோலிஸ். "போதும்ப்பா. இந்தத் தடவை ஹாயா ஓட்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ."

எனக்கு அது தொல்லை இல்லை, என் நாற்காலியை எடுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹோலிஸ் அவனையே வைத்துக்கொண்டிருப்பான். ஆனால் பெல்டன்காரன் தனக்கென்று எதையும் கேட்கமாட்டான். கேட்பதைவிடப் பட்டினி கிடப்பது அங்கே மரியாதை.

"சரி" என்றான் மெரிட்.

"சந்தோஷத்துல வார்த்தையே வரலை பாரு" என்று சிரித்துவிட்டு ஹோலிஸ் போனான்.

செவ்வாய்க்கிழமை மெரிட் சர்ச்சுக்கு அணியும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். மறைப்புக்குள் வெகுநேரம் நின்றான். அந்த வருஷம் குடியரசுக் கட்சி நிறுத்தியிருந்த ஆளின் பேச்சு மலையூர்களுக்கு ஒத்துப்போகவில்லை. பரம்பரை பரம்பரையாய்ப் போட்டவர்கள்கூடக் கடை வாசலில் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்கள். மெரிட்டுக்கு அந்தக் கவலையெல்லாம் பாதிதான். இருபத்தெட்டு வருஷமாகச் சொன்ன பொய்யை ஒருமுறையாவது உண்மையாக்குவோம் என்று தோன்றியது. அவன் பென்சில் முதல்முறையாக அடுத்த கட்டத்துக்குப் போனது.

ஐந்து மணிக்கு ஓட்டுப்பதிவை முடித்துப் பெட்டியைத் திறந்தார்கள். பீன்ஸுக்காகக் காத்திருந்தவர்களோடு மெரிட் அடுப்போரத்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் நாற்காலியில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட டீச்சரம்மா. வெர்னா படித்தாள். டீச்சரம்மா டக் டக்கென்று கோடு போட்டாள். பத்து சீட்டுக்கு ஒருமுறை வெர்னா கொஞ்சம் நிறுத்துவாள், மெரிட் பென்சில் சீவிக்கொள்ளட்டும் என்று. இன்றும் பழக்கத்தில் நிறுத்தினாள். டீச்சரம்மா பேனா வைத்திருந்தாள்.

முதல் இருபது சீட்டுக்குள்ளேயே ஹாலில் சலசலப்பு. எதிர்ப்பக்கக் கோடுகள் ஐந்தைந்தாகக் கட்டு கட்டிக்கொண்டு ஏறின. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, நீயுமா என்பது போலப் புருவத்தைத் தூக்கினார்கள். கடைசியில் ஹோலிஸ் எழுந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தான். குடியரசுக் கட்சி இருபத்துமூன்று. ஜனநாயகக் கட்சி முப்பத்தெட்டு.

டட்லி மெரிட்டின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டான்.

"டேய் ஒத்தை ஓட்டு! என்னடா பண்ணித் தொலைச்ச எங்களை?"

எல்லோரும் சிரித்தார்கள், வந்து கை குலுக்கினார்கள். மெரிட் அவர்கள் தோள்களுக்கு மேலாக மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்னா சீட்டுகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சில் விரல் வைத்துப் பிடிக்க டீச்சரம்மா இருந்தாள். அந்த முடிச்சில் விரல் வைப்பது அவன் வேலை.

சாப்பாட்டிலும் அவனுக்கு இடம் கடைசி மேஜையில்தான் கிடைத்தது. இத்தனை பேர் தன் பக்கம் வந்த நாளில்தான் அவன் இத்தனை தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஏழு மணிக்குள் ஹால் காலியாகிவிட்டது. வெர்னா உள்ளே பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறேன் என்று ஹோலிஸிடம் சொல்லி மெரிட் தங்கிவிட்டான். சாம்பலைக் கிளறினான், திரும்பவும் கிளறினான். மாட்டிடம் சொல்லிப் பழகிய வார்த்தை ஒன்றுகூட இப்போது வாயருகில் இல்லை.

அவளே வந்தாள், ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு.

"மெரிட்" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "இன்னைக்கு விழுந்த முப்பத்தெட்டுல ஒண்ணு உங்களோடதா?"

"ஆமா."

"முதல் தடவையா?"

மெரிட்டின் கையிலிருந்த கரண்டி அடுப்பில் இடித்து ஓசை எழுப்பியது.

"பயப்படாதீங்க" என்றாள் வெர்னா. "இதுக்கு முன்னாடி விழுந்த ஏழும் என்னோடது."

மெரிட் கரண்டியைக் கீழே வைத்தான்.

"எங்கப்பா ரயில்வேயில வேலை பார்த்தவர். எங்க வீட்டுல எல்லாருமே அந்தக் கட்சிதான். கல்யாணமாகி இங்க வந்தப்புறம் ஆன்சலுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, வீட்டுல என்னை நிம்மதியா இருக்க விட்டிருப்பாரா? கட்சித் தலைவர் பெண்டாட்டியாச்சே! முதல் வருஷம் போட்டுட்டு வந்து உட்கார்ந்தப்ப, ரெண்டு ஓட்டு வரும்னு நெனச்சேன். உங்களுது ஒண்ணு, என்னுது ஒண்ணு. ஊரு மோப்பம் பிடிச்சிடுமேன்னு உயிரே இல்லை. ஒண்ணுதான் வந்துது. என் சீட்டை நானே பிரிச்சுப் படிச்சேன். என் குறி எனக்குத் தெரியாதா?"

"அப்போ அன்னைக்கே..."

"அன்னைக்கே தெரியும், நீங்க அந்தக் கட்சி இல்லைன்னு. ஊரு உங்களை ஏசினதெல்லாம் என்னை ஏச வேண்டியது. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன்." அவள் ஒரு நாற்காலியை இழுத்தாள். ஆனால் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒருமுறை ஜாடையா சொல்லியும் பார்த்தேன், நெஞ்சுரம் அது இதுன்னு. நீங்க பென்சிலைத் தேடப் போயிட்டீங்க."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கவே இல்லை, மெரிட். நாளன்னைக்குப் போறேன், அதனால கேக்கறேன். நீங்க அந்தக் கட்சி இல்லை. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தலை. அப்புறம் ஏன் அன்னைக்கு கையைத் தூக்கினீங்க?"

இதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் யாருக்கும் திறந்துவிட முடியாது. அவள் வெறுமனே கேட்கவில்லை, பதிலுக்காக நின்றாள். அது மெரிட்டுக்கும் தெரிந்தது. பதிமூன்று வருஷமாக அவள் தனியாக இருந்ததும், அவள் வீட்டு விளக்கு அவன் பண்ணையிலிருந்து தெரியும் என்பதும், தினமும் அது அணைந்த பிறகுதான் தான் படுப்பதும் ஒன்றாக நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தன. வாயைத் திறந்தான்.

"பீன்ஸுக்காக" என்றான்.

வெர்னாவின் முகத்தில் ஏதோ வந்து, பிறகு போய்விட்டது.

"ஆமா" என்றாள். "பீன்ஸ் நல்லாத்தான் இருக்கும்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். கதவைப் பிடிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவள் காலடி படியில் இறங்கித் தேய்ந்த பிறகு, காலியான ஹாலில், அடுப்பைப் பார்த்து, "உங்களுக்காகத்தான், வெர்னா" என்றான். தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று வாசல் வரை வந்தான். வாசலில் நின்றுவிட்டான்.

புதன்கிழமை முழுக்க நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே பால் கறந்தான். வியாழக்கிழமை காலை அதே கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டவன், அவள் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் திரும்பாமல் நேரே கடைக்குப் போனான். ஒரு நிமிஷம் தைரியம் சேர்த்துக்கொண்டு போகலாம் என்றுதான் போனான்.

கடையில் கூட்டம். பத்திரிகை வந்திருந்தது. வெர்மான்ட்டின் ஒவ்வொரு ஊரும் எப்படி ஓட்டுப் போட்டது என்று ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் பட்டியல். மாநிலமே மாறிவிட்டது. டட்லி பெல்டன் என்ற வரியில் விரலை வைத்து உரக்கப் படித்துவிட்டு, மெரிட்டைப் பிடித்து ஒரு பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தினான்.

"பாருங்கடா நம்மாளை! இருபத்தெட்டு வருஷம் ஒத்தை ஆளா நின்னான். நாமெல்லாம் சிரிச்சோம். இன்னைக்கு மாநிலமே அவன் பின்னாடி வந்து நிக்குது. டேய் மெரிட், ஜெயிச்சிட்டடா!"

எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ காபிக் கோப்பையை அவன் கையில் திணித்தார்கள். பெட்டியின் மேல் நின்றதால் ஜன்னல் வழியாகத் தெரு நன்றாகத் தெரிந்தது. வெர்னாவின் பழைய சாம்பல்நிறக் கார் மெதுவாக வந்தது. மேலே ஒரு பெட்டி கயிற்றால் கட்டியிருந்தது, ஓட்டுச் சீட்டைக் கட்டும் அதே முடிச்சு. கடைக்கு எதிரில் வந்தபோது கார் கிட்டத்தட்ட நின்றது. அவள் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தாள், ஊர் சுற்றி நிற்க நடுவில் கோப்பையோடு நின்றவனைப் பார்த்தாள், கையுறை போட்ட கையை லேசாகத் தூக்கினாள்.

மெரிட்டும் கையைத் தூக்கினான்.

"பேசுடா, ரெண்டு வார்த்தை பேசு" என்றான் டட்லி.

கார் பாலத்தைத் தாண்டி வளைவில் மறைந்தது.

"ரொம்ப நன்றி" என்றான் மெரிட்.